புகாரில் கப்பல் எங்கே நின்றது?

போன பொங்கல் லீவில் மகளைப் பூம்புகாருக்குக் கூட்டிப் போயிருந்தேன். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவளும் தோழிகளும் சேர்ந்து ஒரு நோட்டில் கற்பனை நகரம் ஒன்று வரைந்துகொண்டிருக்கிறார்கள். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு வியாபார நகரம், கோட்டை, சந்தை, வரிசையாகக் கப்பல்கள் என்று எல்லாம் அதில் உண்டு. "இதே மாதிரி நிஜமா ஒரு ஊர் நம்ம பக்கத்துலயே இருந்துச்சு, வா காட்டுறேன்" என்று பெருமையாகச் சொல்லித்தான் தஞ்சாவூரிலிருந்து காரை எடுத்தேன்.

காவிரி கடலில் சேரும் இடத்தில் போய் நின்றோம். தை மாசத்துக் காவிரி. மணல் திட்டு, அதன் ஓரமாக ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர். நாலு பையன்கள் முழங்கால் அளவுத் தண்ணீரில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடந்து போனார்கள். மகள் நோட்டைப் பார்த்தாள், ஆற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இதுல கப்பல் எங்க நிக்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் படித்திருக்கிறேன், பூம்புகாருக்கு நாலைந்து தடவை போயிருக்கிறேன். ஆனால் இந்தச் சாதாரணக் கேள்வியை நான் ஒரு தடவைகூடக் கேட்டுக்கொண்டதில்லை. ஒரு துறைமுகத்தைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதானே! அதற்கப்புறம் சில மாதம் சனி, ஞாயிறுகளில் தேடியதன் குறிப்புதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விஷயத்தை ஒதுக்கிவிடுகிறேன். புகார் என்றதும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருவது 11,000 வருஷத்துக்கு முந்தைய மூழ்கிய நகரம் வீடியோதான். அதன் மூலம் இது: கோவாவில் இருக்கும் தேசிய கடலியல் நிறுவனம் எஸ்.ஆர். ராவ் தலைமையில் இந்தக் கடலில் ஆய்வு செய்தபோது, கரையிலிருந்து ஏறக்குறைய 5 கி.மீ. தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாடம் மாதிரி ஒரு அமைப்பு தெரிந்தது. கிரஹாம் ஹான்காக் என்ற எழுத்தாளர் 2002இல் வெளியிட்ட புத்தகத்தில், அந்த ஆழம் கடைசியாகத் தரையாக இருந்தது சுமார் 11,000 வருஷத்துக்கு முன்னால், ஆகவே நகரத்துக்கும் அந்த வயசு என்று எழுதினார். அந்த இடம் ஒரு காலத்தில் தரையாக இருந்தது என்பது சரி. தரையாக இருந்த இடத்தில் இருப்பதெல்லாம் மனிதன் கட்டியதுதான் என்று எப்படிச் சொல்ல முடியும்? அதே கடலில் 19 மீட்டர் ஆழத்தில் ஒரு உடைந்த கப்பலும் கிடைத்தது. அதிலிருந்து எடுத்த ஈயக் கட்டிகளில் 1791, 1792 என்று ஆண்டே பொறித்திருந்தது! கடலுக்கடியில் கிடைப்பதெல்லாம் கரிகாலன் காலத்துச் சொத்து கிடையாது. இத்தோடு அந்த வீடியோவை விட்டுவிடலாம்.

இனி கப்பலுக்கு வருவோம். புகார் என்ற சொல்லுக்கே ஆறு கடலில் புகும் இடம், கழிமுகம் என்றுதான் அர்த்தம். புறநானூற்றின் 30ஆம் பாட்டு சோழன் நலங்கிள்ளியைப் பாடுகிறது. அதில் ஒரு விவரம் வருகிறது: பெரிய கப்பல் ஒன்று மேல்பாயைக் கழற்றாமல், பாரத்தையும் குறைக்காமல், அப்படியே புகாருக்குள் நுழைகிறது. இதை நாம் வழக்கமாக "பார், எவ்வளவு ஆழமான துறைமுகம்!" என்று படிப்போம். எனக்கு இன்னொரு விதமாகப் படிக்கத் தோன்றுகிறது. பாயைக் கழற்றாமல், பாரத்தை இறக்காமல் வந்ததை ஒரு புலவர் எடுத்துச் சொல்கிறார் என்றால், மற்ற இடங்களில் கழற்றுவதும் இறக்குவதும்தான் வழக்கமாக இருந்திருக்க வேண்டும். சிக்னலில் நிற்காமல் ஆபீஸ் வந்து சேர்ந்தேன் என்று நாம் சொல்லிக்கொள்வது தினமும் நடந்தால் சொல்ல மாட்டோமே. அந்தப் பாட்டு ஆற்றில் வெள்ளம் நிறைந்த ஒரு நல்ல நாளைச் சொல்கிறது என்பது என் ஊகம்.

கிரேக்க மொழியில் 1ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் கையேடு இந்தக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைமுகங்களைச் சொல்கிறது. கமரா என்பது காவிரிப்பூம்பட்டினம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அங்கே மூன்று வகைக் கலங்கள் இருந்ததாக அந்தக் கையேடு பிரித்துச் சொல்கிறது: கரையை ஒட்டியே போகிற உள்ளூர்ப் படகுகள், பெரிய மரங்களைப் பிணைத்துச் செய்த சங்கரா, கங்கைக்கும் பொன் நாடு என்று அவர்கள் சொன்ன கீழ்க்கடல் நாடுகளுக்கும் போகிற மிகப் பெரிய கலங்கள். ஒரே துறையில் மூன்று அளவு. ஆகவே ஒரே இடத்தில் எல்லாம் நின்றிருக்காது.

இதற்கு மேல் பின்னாளில் நடந்ததைப் பார்த்தால் படம் தெளிவாகிறது. ஐரோப்பியர் வந்த பிறகும் சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல்கள் கரைக்கு வந்ததே இல்லை. கடலில் நங்கூரம் போட்டுக்கொள்ளும். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் போய்ச் சரக்கை இறக்கி, அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவரும். ஆணி அடித்த படகு அந்த அலையில் பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும்.

மண்ணுக்கு அடியில் கிடைத்ததும் இதோடு பொருந்துகிறது. இந்தியத் தொல்லியல் துறை 1960களில் இங்கே தோண்டியபோது, கீழையூரில், அதாவது இன்றைய கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, செங்கல்லால் கட்டிய ஒரு படகுத்துறை கிடைத்தது. படகு கட்ட நட்ட மரத்தூண்களின் அடிப்பாகமும் அங்கேயே இருந்தது. அந்த மரத்தைக் கரிமக் காலக்கணிப்பு செய்து பார்த்ததில் கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலம் வந்தது. கடலைப் பார்த்துக் கட்டிய பெரிய கப்பல் துறை இல்லை அது. கழிக்குள், படகுக்காகக் கட்டியது.

ஆக, மகளின் கேள்விக்கு என் பதில் இது: பெரிய கப்பல் பெரும்பாலும் வெளியே நின்றது, நடுத்தரமானது தண்ணீர் இருந்தால் முகத்துவாரம் வரை வந்தது, ஊருக்குள் வந்தது படகு. புகார் என்ற நகரமே சரக்கு ஒரு கலத்திலிருந்து இன்னொரு கலத்துக்கு மாறுகிற இடம்தான்.

அப்படிப் பார்த்ததும் முழங்கால் ஆழத் தண்ணீர் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. பட்டினப்பாலையில் ஒரு காட்சி உண்டு. வெள்ளை உப்பைக் கொடுத்து நெல் வாங்கி வந்த படகுகள், லாயத்துக் குதிரைகள் மாதிரி கழியோரத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. நெல்லும் உப்பும். மிளகும் முத்தும் பவளமும் வருகிற பாட்டில் இதை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். ஆனால் மிளகைத் தின்று யாரும் உயிர் வாழ முடியாதே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன் (இதெல்லாம் என் ஊகக் கணக்கு, ஆதாரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்). ஊரில் 20,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்குத் தினம் அரை கிலோ அரிசி. மொத்தம் 10 டன் அரிசி, நெல்லாக 15 டன். அறுபது கிலோ மூட்டையில் தினமும் 250 மூட்டை. தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கும் பெரியப்பாவிடம் கேட்டேன்: "மாட்டு வண்டியில எத்தனை மூட்டை ஏத்துவீங்க பெரியப்பா?"

"நல்ல மாடா இருந்தா பன்னெண்டு. ரோடு நல்லா இருந்தா. மழைக்காலத்துல எட்டு ஏத்தினாலே அச்சு இறங்கிடும்டா தம்பி."

அப்போ தினமும் 21 வண்டி வந்தாக வேண்டும். கும்பகோணம் சுற்றுவட்டாரத்திலிருந்து என்றால் 60 கி.மீ.; போக வர ஐந்து நாள். எப்போதும் பாதையில் நூற்றுச் சொச்சம் வண்டி, இருநூற்றுச் சொச்சம் மாடு. அவ்வளவு மாட்டுக்கும் வைக்கோல் வேண்டும். அதுவும் ஒவ்வொரு வாய்க்காலாக இறங்கி ஏறிப் போக வேண்டிய டெல்டா மண்ணில்! இதையே 50 மூட்டை ஏற்றும் தட்டையான படகில் கொண்டுவந்தால் தினம் ஐந்து படகு போதும். அந்தப் படகு மிதக்க ரெண்டு மூணு அடித் தண்ணீர் இருந்தால் சரி. பாரமான நெல் ஓட்டத்தோடு கீழே வருகிறது, அதைவிடக் குறைவான பாரமுள்ள உப்பு எதிர்த்து மேலே போகிறது. ஆற்றின் திசையே வியாபாரத்துக்குத் தோதாக அமைந்துவிட்டது. கடல் கப்பல் ஊருக்குப் பணத்தைக் கொண்டுவந்தது, சோற்றைக் கொண்டுவந்தது இந்த நெல் படகுதான்.

இன்னொரு சிக்கல், பருவம். ஆற்றில் தண்ணீர் வருவது குடகில் தென்மேற்குப் பருவமழை பெய்த பிறகு, ஆடியை ஒட்டி. கடல் மூடிக்கொள்வது ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும்போது. சம்பா அறுவடை தையில். ஆறு, கடல், வயல் மூன்றும் ஒரே நேரத்தில் தயாராக இருப்பதே கிடையாது. எங்கள் தொழிலில் வேகம் வேறுபட்ட ரெண்டு சிஸ்டத்துக்கு நடுவில் பஃபர் வைப்போம். ஒன்று கொட்டும்போது வாங்கி வைத்துக்கொண்டு, இன்னொன்று கேட்கும்போது கொடுக்கும். புகாரின் பண்டகசாலைகள் அந்த வேலையைச் செய்தன. இறங்கிய சரக்கும் ஏற்ற வேண்டிய சரக்கும் மலைபோல் குவிந்து கிடப்பதையும், சுங்க அதிகாரிகள் அதில் புலி முத்திரை குத்துவதையும் பட்டினப்பாலை விரிவாகச் சொல்வது அதனால்தான்.

சரக்கு காத்திருந்தால் ஆளும் காத்திருக்க வேண்டும். காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் வேலை இல்லாமல் இருக்கிற வெளியூர்க்காரர்களுக்கு வீடு, சாப்பாடு, வட்டிக்குப் பணம், பொழுதுபோக்கு எல்லாம் வேண்டும். அங்கேதான் ஊர் பிறக்கிறது. சிலப்பதிகாரம் நகரத்தை ரெண்டாகப் பிரிக்கிறது: கடலோர மருவூர்ப்பாக்கம், உள்ளே தள்ளிப் பட்டினப்பாக்கம். நடுவில் மரங்களே தூணாக நிற்கும் சோலையில் நாளங்காடி என்ற பகல் சந்தை. யவனர் குடியிருப்பு, நெசவாளர், பொற்கொல்லர், உப்பு விற்பவர், மீன் விற்பவர் எல்லாம் மருவூர்ப்பாக்கத்தில். அரசன் தெருவும் பெருவணிகர் தெருவும் பட்டினப்பாக்கத்தில். அழுக்கும் சத்தமும் நாற்றமும் துறைப் பக்கம், வசதி உள்பக்கம். இன்றைக்கும் எந்தத் துறைமுக ஊரும் இப்படித்தான்.

இந்தத் தட்டான்கள் கடல் தாண்டியும் போயிருக்கிறார்கள். தாய்லாந்தின் குளோங் தோம் பகுதியில் பொன் உரசிப் பார்க்கும் சின்ன உரைகல் ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில், இது பெரும்பதன் என்பவருடைய கல் என்று எழுதியிருக்கிறது. 3, 4ஆம் நூற்றாண்டு. தன் கல்லை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று பெயர் எழுதி வைத்திருக்கிறார் மனுஷர். எங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருப்பது ஞாபகம் வந்தது.

சிலப்பதிகாரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடமும் இந்தப் பெயர் விவகாரம்தான். ஊருக்குப் புதிதாக வந்தவர்களின் மூட்டைகள் மேல் உடைமைக்காரர் பெயரும் எண்ணும் குறித்திருக்கும். கதவு, பூட்டு, காவல் எதுவும் இல்லாமல் அவை வெட்டவெளியில் கிடக்கும். திருட வந்தவன் தலையில் சுமையை ஏற்றிக் கழுத்து நோகத் திரிய வைத்துவிடும் அந்த மன்றம், என்று இந்திரவிழாப் பகுதி சொல்கிறது. அடடா, எப்பேர்ப்பட்ட ஊர் என்று நானும் கல்லூரிக் காலத்தில் உருகியிருக்கிறேன். ஆனா அடுத்த காதையான கடலாடு காதையைப் பாருங்கள். இரவில் கடற்கரையில் தெரியும் விளக்குகளை அடுக்குகிறார் இளங்கோ. பிட்டு விற்பவர் விளக்கு, அப்பம் சுடுபவர் விளக்கு, மீன் விற்பவர் விளக்கு, மீன்பிடி படகு விளக்கு, வேற்று மொழிக்காரர் வீட்டு விளக்கு, கப்பலுக்கு வழிகாட்டும் கலங்கரை விளக்கு. கூடவே, குவிந்த சரக்கைக் காவல் காப்பவர்களின் விளக்கு! பூட்டும் காவலும் இல்லாத ஊரில் ராத்திரி விளக்கு வைத்துக்கொண்டு காவல் காத்தது யார்? சிலப்பதிகாரம் புகாரின் உச்சக் காலத்துக்குச் சில நூற்றாண்டு பிந்தியது என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. என் மகள் நோட்டில் இருப்பது மாதிரி, அதிலும் பாதி நிஜம், பாதி ஆசை. எனக்கென்னவோ காவல்காரர் விளக்கு இருக்கிற புகார்தான் நிஜமான ஊராகத் தெரிகிறது.

மூட்டையில் முத்திரை என்பது மட்டும் ஆசை இல்லை. முசிறியிலிருந்து எகிப்துக்குச் சரக்கு கொண்டுபோன ஒரு கடன் ஒப்பந்தம் பாப்பிரஸ் தாளில் கிடைத்து வியன்னாவில் இருக்கிறது. 2ஆம் நூற்றாண்டு. செங்கடல் கரையில் இறக்கி, ஒட்டகத்தில் ஏற்றி, நைல் நதிப் படகுக்கு மாற்றி அலெக்சாந்திரியா போய்ச் சேர்ந்து கால் பங்கு வரி கட்டுகிறவரை சரக்கு முத்திரையோடுதான் இருக்க வேண்டும் என்று அதில் ஏற்பாடு. கலம் மாறும் ஒவ்வொரு இடமும் திருட்டுப் போகும் இடம். அங்கேயும் ஒரு ஆறு, அங்கேயும் இதே கவலை.

இப்படிப்பட்ட ஊர் எங்கே போனது? மணிமேகலை சொல்கிற கதை தெரிந்ததுதான். சோழ அரசன் தொலைந்த மகனைத் தேடி அலைந்ததில் இந்திரவிழாவை மறந்தான், கடல் ஊரை விழுங்கியது. கடல் நிலத்தைத் தின்றது உண்மை. கரையோரம் தண்ணீருக்குள் செங்கல் கட்டுமானங்களும் உறைகிணறுகளும் கிடைத்திருக்கின்றன. பக்கத்தில் தரங்கம்பாடி போனால் கண்ணாலேயே பார்க்கலாம்: 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் கட்டிய மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஆனால் ஒரே ராத்திரியில் புகார் போகவில்லை. மேலையூர்ப் பல்லவனீச்சரத்தில் தோண்டி எடுத்த புத்த விகாரம் 4, 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பாலி மொழியில் எழுதிய புத்ததத்தர் 5ஆம் நூற்றாண்டில் இந்த ஊரில் இருந்தவர். 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் வந்து பல்லவனீச்சரத்துச் சிவனைப் பாடியிருக்கிறார். கோயில் இருந்தது, ஜனம் இருந்தது. கப்பல்தான் குறைந்துபோனது.

ஏன் என்பதற்கு என் அனுமானம் ஆற்றில்தான் இருக்கிறது. காவிரி டெல்டா ஆற்றைப் பிரித்துப் பிரித்து வாழும் நாடு. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் வெண்ணாறு பிரிகிறது. அப்புறம் குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், மண்ணியாறு. அதற்குக் கீழே ஆயிரக்கணக்கில் வாய்க்கால். ஒவ்வொரு பிரிவும் புதிதாக வயலை உண்டாக்கும். ஒவ்வொரு பிரிவிலும் தாய் ஆறு கொஞ்சம் இளைக்கும். கொள்ளிடம் சரிவு அதிகமான, ஆழமான ஆறு என்பதால் வெள்ளத்தை அது இழுத்துக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் காவிரி மணல் மேடிட்டு, தண்ணீரெல்லாம் கொள்ளிடத்தில் போகிற நிலைமை வந்ததால்தான் ஆர்தர் காட்டன் 1836இல் மேலணையைக் கட்டி முடித்தார். வயலுக்குத் தண்ணீர் பிரிய வேண்டும், படகுக்கு ஒன்றாக ஓட வேண்டும். ரெண்டையும் ஒரே ஆற்றில் கேட்டால் ஒன்று தோற்கும். கல்லணையைக் கட்டியதாக மரபு சொல்வதும் கரிகாலனை, பட்டினப்பாலை பாடுவதும் அதே கரிகாலனை!

பிற்காலச் சோழர் கடல் வணிகத்துக்கு நாகப்பட்டினத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ராஜராஜன் காலத்தில், 1006ஐ ஒட்டி, ஸ்ரீவிஜய அரசர் புத்த விகாரம் கட்டியதும் அங்கேதான். பிறகு வந்த டேனிஷ்காரர்கள் 1620இல் தரங்கம்பாடியில் இறங்கினார்கள், பிரெஞ்சுக்காரர் காரைக்காலில், டச்சுக்காரர் நாகப்பட்டினத்தில், ஆங்கிலேயர் கொள்ளிட முகத்தில் தேவிக்கோட்டையில். வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தேன். புகாருக்கு வடக்கிலும் தெற்கிலும் ஒருத்தர் பாக்கி இல்லாமல் வந்திருக்கிறார்கள். காவிரி முகத்தில் மட்டும் ஒருவரும் துறைமுகம் வைக்கவில்லை. வியாபாரிகள் தண்ணீரைப் பார்க்கத் தெரிந்தவர்கள்.

இப்போது அங்கே வேறொரு மாற்றம் நடக்கிறது. ஆறு தள்ளுகிற தண்ணீர் குறைந்தால் கடல் உள்ளே வரும், நிலத்தடியிலும். கடைமடைக் கிணறுகளில் உப்பு ஏறுவதைப் பற்றிப் பெரியப்பா மாதிரி ஆட்கள் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால் கடைமடைக்கு எப்போது வரும் என்பதுதான் இன்றைக்கு அந்தப் பக்கம் நெல்லை முடிவு செய்கிறது. ஒரு காலத்தில் உப்பு அந்தக் கழியிலிருந்து படகேறி மேலே போய் நெல்லாகத் திரும்பி வந்தது. இப்போது உப்பு தானாகவே மேலே போகிறது, பதிலுக்கு எதுவும் வருவதில்லை.

இதையெல்லாம் மகளிடம் தவணை முறையில் சொல்லி முடித்தேன். பாதியில் கொட்டாவி விட்டாள், ஆனால் காவல்காரர் விளக்குக் கதைக்கு நிமிர்ந்து உட்கார்ந்தாள். போன வாரம் நோட்டைக் காட்டினாள். கப்பல்களை அழித்துக் கடலுக்குள் தள்ளி வரைந்திருக்கிறாள். ஆற்றில் இப்போது நிறையச் சின்னப் படகு. கரையில் சுங்கச் சாவடிக்கும் அப்பக் கடைக்கும் நடுவில் ஒரு ஆள் விளக்கோடு நிற்கிறான். "இவர் யாரு?" என்று கேட்டேன். "காவல்காரர்பா. ஆனா அவர் தூங்கிட்டாரு" என்றாள்.